காட்சிக்கூடத்துப் பெட்ரோல் தொட்டி

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அப்பாவும் சித்தப்பாவும் அவர்களுடைய கூட்டாளிகள் நால்வரும் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். சண்டைக் காலத்தில் விமானத் திடலில் மண் சுமந்தவர்கள் அவர்கள். அன்று தலைக்குமேல் பறந்தவை என்னவென்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலைவிட்டு வந்த நேரங்களில் உடைந்த இறக்கைத் துண்டு, வளைந்த காற்றாடி, விமானியின் தோல் தொப்பி என்று தேடிச் சேர்த்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதுவும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதனால் பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பு என்னுடையது. தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. நான் கோடு கிழிப்பதைக்கூட அந்த ஆறு பேரும் பின்னால் நின்று பார்ப்பார்கள். அந்தக் கர்வம் இன்றும் என்னை முழுக்க விட்டுப் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல்நாள், வயலில் கிணறு வெட்டும்போது கிடைத்ததென்று ஓர் இரும்பு உருளையைச் சித்தப்பா மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். அதன் பித்தளை மூக்கை அம்மா விளக்குத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தாள்.

"குண்டு கிண்டா இருக்கப் போவுதுங்க" என்றாள்.

"குண்டுன்னா விழுந்த அன்னிக்கே வெடிச்சிருக்கும் அண்ணி" என்ற சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "எழுத்து தெரியுது பாருங்க. நம்ம வாத்தியாரம்மா எதுக்கு இருக்காங்க? படிங்கம்மா."

குனிந்து பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துகள்தான், நடுவில் எண்கள். ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது; சேர்த்தால் ஒரு சொல்லும் வரவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்ரோல் தொட்டின்னு போட்டிருக்கு" என்றேன்.

அம்மா நிம்மதியாகத் தேய்க்கத் தொடங்கினாள். நான் சீட்டை எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலை, ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல எல்லாச் சாமான்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நடுவில் நின்றது பெட்ரோல் தொட்டி என்பதால் அதன் தலையில் வெற்றிலை வைத்து, மேலே கற்பூரத்தை வைத்தார்கள். கொட்டகைக்குள் ஐம்பது பேராவது இருந்திருப்போம். சித்தப்பா தீக்குச்சியைக் கிழித்த நேரத்தில், திறந்துவைக்க அழைத்திருந்த மலாய் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

"ஜாங்ஙான்" என்றார். வேண்டாம் என்பதை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தப்பாவின் விரலிலேயே குச்சி எரிந்து அணைந்தது. கையை உதறக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஓடாமல், ஒருவர் பின் ஒருவராக வெளியே போகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அந்தப் பத்தடி தூரத்தில் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கத்தில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது.

சாயங்காலம் பட்டாளத்து லாரி வந்து மணல் மூட்டைகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோனது. அதன்பிறகு இன்ஸ்பெக்டர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் தோளில் அப்பாவின் கை விழுந்தது.

"சாயா, துவான்" என்றார் அப்பா. நான்தான் ஐயா.

இன்ஸ்பெக்டர் அதை நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். அப்பா பேனாவை வாங்காமல், மைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, பெருவிரலை அழுத்தி ரேகை வைத்தார். இன்ஸ்பெக்டர் ரேகையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டு, இனி எதைத் தோண்டி எடுத்தாலும் முதலில் தனக்குச் சொல்லியனுப்பும்படி சொல்லிப் போனார். அடுத்த வாரமே வந்து கூடத்தைத் திறந்தும் வைத்தார்.

நான்கு நாள் அப்பாவுடன் நான் பேசவில்லை. ஓர் எழுத்தும் தெரியாத மனிதர், என்னுடைய அழகான எழுத்தை எல்லோர் முன்னாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம்.