வலது பக்கம் ஒடித்தால் வரும் சத்தம்

எலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அசிங்கமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாயில் மழைநீரைத் தவிர மற்ற எல்லாம் ஓடும். அதில் பெருச்சாளிகள் குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. காரை இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பானட்டுக்குள் ஏறி ஒயரைக் கடித்துவிடும். அதற்கு இந்தப் பக்கத்தில் கார் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு: பெட்டிக்கடையில் புகையிலை வாங்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவது. ஆயுளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத நான், ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன், புகையிலைக் கட்டும் கையுமாகத் தெருவில் உட்கார்ந்தேன். எலி கால்வாய்ப் பக்கத்துச் சக்கரம் வழியாகத்தான் ஏறும் என்று யாரோ சொன்னதால், இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சுழலாத ஒரு இரும்பிலும் ஒரு கொத்து கட்டினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய கட்டுக்கம்பியால் நாலு சுற்று சுற்றி முறுக்கினேன். அந்த நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

கார் என் பெயரில் இருந்தாலும் ஓட்டுகிறவள் என் மனைவி. செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தாறு வயதில், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். ஷேர் ஆட்டோவில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு இருபது வருடம் போனவள், தன் கையில் சாவியோடு கிளம்பிய முதல் நாள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழை முடிந்த மாதத்தில் ஒரு நாள் வந்து சொன்னாள்: "ஏங்க, ஸ்டீயரிங் திருப்பினா டக்டக்குன்னு சத்தம் வருது. வலது பக்கம் முழுசா ஒடிச்சு வண்டி நகரும்போது மட்டும்தான். இடது பக்கம் வரல."

நான் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை. "நீ நின்ன இடத்துலயே ஸ்டீயரிங்கைப் போட்டுத் திருப்புவ. அதான்."

மறுநாள் வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் வாயிலிருந்த மாவாப் புகையிலையைத் துப்பிவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போய் நேராக வந்தான். ஒரு வளைவுகூடத் திரும்பவில்லை. "வண்டி சூப்பரா கீது சார். மேடமா ஓட்றாங்க?" என்றான். ஆமாம் என்றேன். "அதான் பாத்தேன்" என்று கண்ணடித்தான். அந்தச் சிவந்த பல்லைப் பார்த்து நானும் பல்லைக் காட்டினேன்.

அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, "எங்க வீட்டம்மா ஸ்டீயரிங்கை ஆட்டுக்கல் மாதிரி சுத்துறாங்க பிரதர், கார் முனகுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பின்னால்தான் நின்றிருந்தாள். திங்கட்கிழமை சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஷேர் ஆட்டோவுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. வெட்கம்கெட்ட எனக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

நான் ஓட்டும்போதும் சத்தம் வந்தது. தெருமுனையில் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் டக், டக், டக். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகப் பிசுக்கு தெறித்திருந்தது. சாலை அழுக்கு என்று துணியால் துடைத்துவிட்டேன். யூ டர்ன் போட்ட ஒரு நாள் சத்தம் பட்டாணி வறுப்பதுபோலக் கேட்கவும்தான் பயம் வந்து ஊரப்பாக்கத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேட்டார்: "நின்னுகினு திருப்பினா வருதா, ஓடிகினு இருக்கும்போதா? எந்தப் பக்கம்? எப்பத்திலேர்ந்து?"

வலது பக்கம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இடைவேளை நேரம், பிள்ளைகள் கத்துவது கேட்டது. என்னிடம் சொன்னதையே மூச்சுவிடாமல் சொல்லி, "மழையில தண்ணி தேங்கின வாரத்துக்கு அப்புறம். மேடு ஏறும்போது திருப்பினா அதிகமா வரும்" என்றும் சேர்த்தாள்.

"இவ்ளோ கரெக்டா சொல்றாங்களே சார்" என்று அவர் நேராக இடது சக்கரத்தைக் கழற்றினார். வலது பக்கம் ஒடித்தால் பாரம் முழுக்க இடது சக்கரத்துக்கு வரும், அதனால் கெட்டது இடது பக்கத்து ஜாயிண்ட் என்றார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு திரும்பி வளைவதற்கு அங்கே ஒரு மூட்டு இருக்கிறது. அதன் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அந்த உறை கத்தியால் கீறியதுபோல் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை. மணலும் துருவும் சேர்ந்த சேறு.

"எலி கடிச்சிருக்கும்" என்றேன் அவசரமாக.

அவர் உள்ளே கையை விட்டு, அழுகிக் கறுத்த புகையிலைக் கொத்தைப் பிடித்து இழுத்தார். கட்டுக்கம்பியின் முனை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போதெல்லாம் உறை அதில் உரசியிருக்கிறது. "இது யார் சார் கட்னது?"

புகையிலை நாற்றமும் பழைய கிரீஸ் நாற்றமும் சேர்ந்து அடித்தது. நான்தான் என்றேன்.

புது ஜாயிண்ட், புது உறை, புது கிரீஸ் எல்லாம் போட்டு, பக்கத்துக் காலி மனையில் முழுவதும் ஒடித்து இரு பக்கமும் வட்டம் போட்டுக் காட்டினார். சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து சாவியை நீட்டி நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் சாவியை வாங்கவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன? எங்க சிரிச்சீங்களோ அங்க சொல்லுங்க" என்றாள்.

அந்த ஞாயிறு அதே வாசலில் சொன்னேன். கம்பி நான் கட்டியது, தப்பு என்னுடையது, அவள் முதல் நாளே சரியாகச் சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒருவர் என் தோளைத் தட்டினார். "இருந்தாலும் பிரதர், சிஸ்டர் அப்படி ஒடிச்சு ஓட்டினதாலதானே கம்பி குத்திச்சு? நீங்க ஓட்டியிருந்தா குத்தியிருக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

அவள் என் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தேன். அவள் ஆலய வளாகத்தில் நின்ற காரில் ஏறி, அத்தனை பேருக்கும் நடுவில் ஸ்டீயரிங்கை வலது பக்கம் கடைசிவரை ஒடித்து, மெதுவாக ஒரு முழு வட்டம் போட்டாள். டயருக்கடியில் சரளைக்கல் நெரிகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. நான் கதவைத் திறக்கப் போனேன். கார் நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நான் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.