மூலையில் விட்டுப்போன கூம்பு

நியூகாசில் துறைமுகத்துக் கப்பல் பட்டறையின் வரைவுக்கூடத்தில் லயல் பெதரிக் முப்பத்தோரு வருடம் பலகைமேல் குனிந்து நின்றான். அவன் கோட்டில் ஒருத்தரும் குறை கண்டதில்லை. மையக்கோடு, மறைந்த விளிம்புக்கான விட்டுவிட்டு வரும் கோடு, வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்கோடு, எல்லாம் கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் அவனுக்குத் தலைக்கனத்தையும் கொடுத்தது.

அவன் பென்சிலில் வரைவான். அதன்மேல், அடியிலுள்ள கோடு தெரியும் மெழுகுத்துணியை விரித்து மையில் நகலெடுப்பது மெர்ல் ஹான்ரஹனின் வேலை. தாளில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுக்க வேண்டும். பெண்களுக்கு அங்கே அதற்குமேல் வேலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் வரைபடம் அவளுக்கு லயலைவிட நன்றாகவே புரியும். அது அவனுக்கும் தெரியும்.

"உன் ஏழு ஒன்னு மாதிரியே இருக்கு, லயல். எவனாவது படிச்சுட்டுக் கப்பலைக் கவுத்துடப் போறான்."

"கவுந்தா என்ன, நீ நீந்தி வந்துடுவ!"

மத்தியானம் இருவரும் துறைச்சுவர்மேல் உட்கார்ந்து இறைச்சி அடைத்த ரொட்டி சாப்பிடுவார்கள். 'என்னைக் கட்டிக்கிறியா' என்று கேட்க இரண்டு வருடமாக வாய்வரை வந்துவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான், மடையன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் ஒரு தூர்வாரும் கப்பலின் சுழல்பொறிக்குப் புதிதாக ஒரு இரும்புக்கை வேண்டியிருந்தது. படம் வரைவதில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்றில், பொருளை வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முகப்புத் தோற்றத்துக்கு வலப்பக்கமே போடுவார்கள். மற்றதில் இடப்பக்கம் போடுவார்கள். எந்த வழக்கம் என்று சொல்லத் தாளின் மூலையில் நுனி வெட்டிய கூம்பு ஒன்றைச் சின்னதாக வரைய வேண்டும். அன்றைக்கு அவசரம். லயல் கூம்பை விட்டுவிட்டான். "அஞ்சு மணிக்குள்ள தபால் போகணும், கொஞ்சம் வேகமா எடு" என்று மெர்லையும் பின்னாலிருந்து விரட்டினான். மைப்படத்திலும் கூம்பு இல்லை.

தெற்கே இருந்த வார்ப்பாலைக்காரர்கள் மற்ற வழக்கப்படி படித்துவிட்டார்கள். வந்த இரும்புக்கை கண்ணாடியில் தெரியும் கை மாதிரி, வலது இடதாக இருந்தது. கப்பல் மூன்று வாரம் சும்மா கிடந்தது.

"பென்சில் தாளைக் கொண்டு வா, லயல். யார் விட்டதுன்னு பார்த்துடலாம்" என்றார் தலைமை வரைவாளர் கிம்பர்.

லயல் அலமாரியைத் திறந்து தாளை எடுத்தான். மூலை காலி. இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே நிமிஷத்தில் போய்விடும். கைக்கு அகப்பட்ட பென்சிலால் அங்கேயே ஒரு கூம்பை வரைந்தான். அட பாவி, அதையும் அளவு பிசகாமல் வரைந்தான்.

கிம்பர் இரண்டையும் மேஜையில் விரித்தார். "பென்சில்ல இருக்கு. மையில இல்ல. என்னம்மா சொல்ற, மெர்ல்?"

மெர்ல் குனிந்து மூலையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து லயலைப் பார்த்தாள். அப்போதாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் கையில விட்டுப்போச்சு போலிருக்கு, மிஸ்டர் கிம்பர்."

அந்த வெள்ளிக்கிழமையே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம் லயல் பிரிவுத் தலைவன் ஆனான். அதற்குப் பிறகு அவன் கூம்பு போடாத தாளே கிடையாது. கழிப்பறைக் கதவுக்கு வரைந்த படத்தில்கூடப் போட்டான். "பெதரிக்குக்குக் கல்லறை கட்டினா கல்லுலயும் ஒரு கூம்பு செதுக்கணும்டா" என்று கூடத்தில் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தான்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, காய்கறிச் சந்தையில் எதிரே மெர்ல் நின்றாள். தலை நரைத்திருந்தது. தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெர்ல், அந்தக் கூம்பு… அதை நான்தான் அப்புறமா…"

"தெரியும்."

"எப்படி?"

"தாள் முழுக்கக் கெட்டிப் பென்சில்ல மெலிசா வரைஞ்சிருந்த. அது மட்டும் கருகருன்னு இருந்துச்சு. அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." இன்னொரு தக்காளியை எடுத்தாள். "வேலை போனா போகட்டும். கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நின்னேன். நீ எப்படியும் ஓடி வந்துடுவேன்னு நினைச்சேன். மூணு பஸ்ஸை விட்டேன், லயல்."

அவள் நின்றதை வரைவுக்கூடத்து மாடி ஜன்னலிலிருந்து அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மூன்று பஸ்ஸையும் பார்த்தான். நான்காவதில் அவள் ஏறியதையும் பார்த்தான். அதையாவது இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"தக்காளி நல்லா இருக்கா?" என்று கேட்டான்.