ஐந்தாவது பையில் கிடைத்த தங்கம்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பாறை அரைக்கும் அறைக்குள் தங்கத்தோடு போகக் கூடாது. கம்மல், வளையல், தாலிச் செயின், எல்லாவற்றையும் வாசலில் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். முத்தையாபுரத்தில், துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையை ஒட்டிய சின்னக் கூடம் அது. கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. எப்போதாவது, தங்கம் இருக்கிறதா பாருங்கள் என்று யாராவது வெளிநாட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு மட்டும் அந்த டப்பா வெளியே வரும்; நம் நகையிலிருந்து ஒரு துகள் கல்பொடியில் கலந்தாலும் கணக்குத் தப்பிவிடும்.

தாலிச் செயினைக் கழற்ற எனக்குச் சங்கடமில்லை. கல்யாண மோதிரம்தான் கழலவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு விரல் பருத்துவிட்டது. சோப்பு, தேங்காயெண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் பார்த்தாயிற்று. அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் ஆசாரி. சொந்த ஊரான நாசரேத்திலிருந்து அம்மா போனிலேயே கத்தினாள். "ஏளா, கோயில்ல ஐயர் ஜெபம் பண்ணிப் போட்ட மோதிரத்த அறுப்பாவளா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

எங்கள் ஊரில் ஐயர் என்றால் சர்ச் பாதிரியார். கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற மிதப்பில் அம்மாவை நன்றாகக் கிண்டல் செய்தேன். ஆனால் ஆசாரி கடைப் பக்கம் மறுபடி போகவில்லை. கையுறை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மானேஜரிடமும் மறைத்துவிட்டேன். அந்த அறையில் என்னைப் போலச் சுத்தமாக வேலை செய்ய ஆளில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்போதுதான் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் ஆறு பை கல்லோடு வந்தார். அவருடைய மகன் ஆப்பிரிக்காவில் தங்கம் தோண்டும் ஒரு குழியில் எட்டு மாதமாகக் கிடந்தான். குழிக்காரன் பாதிப் பங்கை விற்கிறேன் என்று சொல்லியிருந்தான். கல்லில் தங்கம் இருந்தால் இங்கே வீட்டை விற்று அதை வாங்குவது, இல்லாவிட்டால் மகன் ஊர் திரும்புவது என்று பேச்சு. முதல் பை மேல்மட்டத்துக் கல், ஆறாவது பை அடியாழத்துக் கல்.

"ஆழம் போவப் போவத்தான் தங்கம்னு குழிக்காரன் சொல்லுதான் மவளே. நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

ஒவ்வொரு பையையும் முதலில் ஜல்லியாக உடைத்து இரண்டாகப் பிரிப்பேன். ஒரு பாதியைக் கட்டி ஒதுக்கிவைத்துவிட்டு, மறு பாதியை முகப்பவுடர் போல அரைப்பேன். பிறகு மெல்லிய கம்பிச் சல்லடையில் போட்டு விரல்களால் தேய்த்துத் தேய்த்துக் கீழே தள்ள வேண்டும். நான்கு பை ஒழுங்காக முடிந்தது. ஐந்தாவது பையைத் தேய்க்கும்போது விரலில் ஏதோ உறுத்தியது. நிறுத்தவில்லை. ஆறாவதையும் முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினால், மோதிர விரலில் அது கிழிந்திருந்தது. மோதிரத்தின் அடிப்பக்கம் பாலிஷ் போட்டதுபோலப் பளபளத்தது.

இத்தனூண்டு தேய்மானத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கையுறையைக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலையில் மானேஜர் உலையைப் பார்த்துக்கொண்டார்; பெரியவரும் வந்து பக்கத்தில் நின்றார். கல்பொடியை ஈயப் பொருளோடு சேர்த்து உருக்கினால், உள்ளே இருக்கும் தங்கத்தை ஈயம் இழுத்துக்கொள்ளும். அந்த ஈயத்தைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி காய்ச்சினால் ஈயம் போய்த் தங்கம் மட்டும் அடியில் பொட்டாக நிற்கும். முதல் நான்கு கிண்ணத்தில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் அரை ரவை அளவுக்கு மஞ்சளாக ஒரு பொட்டு. ஆறாவதிலும் ஒன்று.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடிக்கல்லு ரெண்டுலயும் இருக்கு, பாத்தியளா? அவன் சொன்னது சரியாப் போச்சே!" உடனே மகனுக்குப் போன் போட்டார். "தாள் கைக்கு வந்ததும் சொல்லுதேன். கையெழுத்துப் போட்டுரு."

சரியாகக் கையுறை கிழிந்த பையிலிருந்து தங்கம் தொடங்குகிறது. அது கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மானேஜர் ரிப்போர்ட் தட்ட உட்கார்ந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், நிஜமாகவே கல்லிலும் இருக்கலாமே என்று ஒரு மனம் நைச்சியமாகப் பேசியது. அந்த மனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டீ குடித்தேன். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். பிரிண்டர் தாளை உள்ளே இழுத்தது.

"சார், அந்தத் தாள எடுக்காதீங்க" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன்.

மானேஜர் மோதிரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கட்டரால் அங்கேயே மோதிரத்தை அறுக்கச் சொன்னார். பிறகு பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒதுக்கிவைத்திருந்த ஐந்து, ஆறாம் பைகளின் மறு பாதியை எடுத்துக்கொண்டு, என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

வராந்தா பெஞ்சில் நானும் பெரியவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தொழுதுவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். மகன் இரண்டு முறை கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே அரவை இயந்திரம் நின்றது, உலையின் இரைச்சல் தொடங்கியது. அந்தக் கல்லில் கொஞ்சமாவது தங்கம் இருக்கட்டும் என்று ஆண்டவரைக் கெஞ்சினேன். அவருக்காகக் கொஞ்சம், எனக்காக நிறைய.

நாலரை மணிக்கு மானேஜர் இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவந்து காட்டினார். இரண்டும் காலி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"காலையிலயே சொல்லிருக்கப்படாதா மவளே?" என்றார் பெரியவர். அதற்குமேல் கோபப்பட அவரிடம் தெம்பில்லை. மகனைக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போடாத. தங்கமில்லையாம்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "நான் சொன்னா நம்பமாட்டேங்கான். நீயே சொல்லு."

"அக்கா, வாப்பா சொல்லுதது நெசமா? ஒண்ணுமே இல்லையா?" என்றது இளம் குரல்.

"காலைல கெடச்சது என் மோதிரத்துத் தங்கம், தம்பி. கல்லுல ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது."

வசவுக்குத் தயாராக நின்றேன். அவன் அழுவது கேட்டது.

"எனக்கு ஊருக்கு வரணும்க்கா. இங்கன முடியல. வாப்பாட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இத்தன மாசமாக் கெடந்தேன்."

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுதான்?"

"டிக்கெட் போடச் சொல்லுதாரு, அண்ணாச்சி" என்றேன்.