மூத்தவள் தைக்கும் செருப்புகள்

அத்தை ஒரு கசங்கிய காகிதத்தை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்த காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலேசியாவின் கோல சிலாங்கூரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய செருப்புக் கடையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த பெட்டியை அப்போதுதான் பிரித்திருந்தோம். தோல் செருப்பின் வார் நசுங்காமல் இருக்க அடியில் காகிதத்தை உருட்டித் திணித்து அனுப்புவார்கள். எப்போதும் பழைய செய்தித்தாள்தான் இருக்கும். அன்று வந்தவை பள்ளிக்கூட நோட்டுத்தாள்கள். பின்னக் கணக்குகள், பக்கத்தில் சிவப்பு மையில் ஆசிரியை எழுதிய 'நன்று', மேல் ஓரத்தில் ஏழாம் வகுப்பு என்ற குறிப்பு. அத்தை ஒவ்வொரு செருப்பாக எடுத்துத் தாள்களை உருவினார். எல்லாம் ஒரே கையெழுத்து. கடைசியாக எடுத்த தாள்களில் எழுத்தே இல்லை, வெறும் கோடுகள்தான்.

"நல்லாத்தான படிச்சிருக்கு. ஏன் பாதியில நின்னுச்சு?" என்றார்.

"பழைய நோட்டா இருக்கும் லா அத்தை. விடுங்க" என்றேன். எனக்குப் பெட்டியை அடுக்கி முடித்தால் போதும்.

அவருக்கு எதையும் விடத் தெரியாது. அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவர் இருந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து, தஞ்சோங் காராங் சந்தையில் தரையில் சாக்கு விரித்து ரப்பர் செருப்பு விற்கத் தொடங்கினார். பிறகுதான் இந்தக் கடை. செம்பனைப் பழம் வெட்டுகிறவர்களுக்குப் பூட்ஸ், சுங்கை புரோங் வயல்காரர்களுக்கு நீளமான ரப்பர் காலணி, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தோல் செருப்பு என்று எல்லாம் வைத்திருந்தார். ஆள் உள்ளே நுழையும்போதே காலைப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் எனக்கு வேலை போனபோது, ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டவர் அவர்தான்.

அன்று மதியமே செருப்பு அனுப்புகிறவரிடம் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. "அந்த வீட்டுப் பொண்ணுங்க இப்ப பள்ளிக்கூடம் போறதில்லம்மா. மூணும் அம்மாகூட உக்காந்து செருப்புதான் தைக்குதுங்க. நோட்டு சும்மா கெடந்துச்சு, வச்சிட்டாங்க போல" என்றார்.

அத்தை அன்று முழுக்க யாருக்கும் சரியான அளவு எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு ஆளிடம் சரக்கு எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "எடுக்கலாம். அப்புறம் அதுங்க என்னத்த தின்னும்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு அடுத்த மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு இந்தியா கிளம்பிவிட்டார். அவருக்கும் எனக்கும் அதுதான் முதல் பயணம். அவர் கோயில் எதற்கும் போகக் கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே அந்தப் பெண்களின் ஊருக்கு வண்டி பிடித்தோம்.

ஓட்டு வீடு. வாசல் வரை பசை வாடை. பெண்களின் அம்மா கையில் இருந்த உளியைக் கீழே வைக்கவே இல்லை. "நீங்க வாங்குற செருப்புலதாங்க எங்க அடுப்பு எரியுது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னு சொல்றது சுலபம்" என்றார். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அத்தை கைப்பையிலிருந்து நோட்டுத்தாளை எடுத்து நீட்டினார். மூலையில் உட்கார்ந்திருந்த மூத்தவள் எட்டிப் பார்த்து, "அது என் நோட்டு" என்றாள். பதினைந்து வயது இருக்கும். விரல் நுனிகள் கறுத்திருந்தன. பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருடமாகிவிட்டது என்றாள்.

அரைநாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அத்தை செருப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பார். அந்தக் காசில் அம்மா பெரியவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வார். பெண்கள் பள்ளிக்கூடம் போவார்கள். ஆனால் மூத்தவள் விஷயத்தில் அம்மா இறங்கி வரவில்லை. நுணுக்கமான தையல் அவள் கையில்தான் வரும், அவள் போனால் தொழிலே நின்றுவிடும் என்றார். அத்தை விடுவதாக இல்லை. அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். "பெரியவளுக்கு வயசாயிடுச்சு அத்தை. இனிமே போய் சின்னப் புள்ளைங்களோட உக்காருமா? ரெண்டு பேரு போதும், விடுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நானும் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். நின்றதால் நான் ஒன்றும் செத்துப்போகவில்லையே என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, வண்டிக்காரர் காத்திருக்கிறார் என்ற அவசரமும் இருந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவர் வற்புறுத்தவில்லை.

திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டார்: "நீ சொன்னப்ப அந்தப் புள்ள எங்க இருந்துச்சு? காதுல விழுந்திருக்குமா?"

"இல்லத்த. தண்ணி எடுக்கப் போயிருந்துச்சு" என்றேன். அவள் கதவருகே குடத்துடன் நின்றதை நான் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு கடையின் லாபம் கடலைத் தாண்டிப் போகத் தொடங்கியது. முதலில் இரண்டு பெண்கள், பிறகு அதே தெருவில் இன்னும் சிலர். சீருடை, விடுதி, பிற்பாடு கல்லூரிக் கட்டணம். இங்கே சிலருக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் ஒருவர் கடைக்கே வந்து, "நம்ம தோட்டத்துப் புள்ளைங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டார். "தெரியுது லா. ஆனா என் கடைச் செருப்ப நம்ம புள்ளைங்க தைக்கலியே" என்றார் அத்தை. இருந்தாலும் அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. மறு வருடத்திலிருந்து இங்குள்ள தமிழ்ப்பள்ளிக்குச் சப்பாத்துப் பெட்டிகளை அனுப்பத் தொடங்கினார். ஒன்றைச் செய்து முடித்தோம் என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடுவிலுள்ளவள் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த செய்தி வந்த அன்றும், கேட்டுச் சிரித்துவிட்டு, "பெரியவ என்ன செய்யுது?" என்றுதான் கேட்டார்.

சென்ற மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனார். கடை இப்போது என் பொறுப்பில். அந்த வீட்டுக்கும் தகவல் சொல்லியிருந்தேன். தங்கைகள் இருவரும் அன்றே அழைத்து அழுதார்கள். மூத்தவள் பத்து நாள் கழித்து அழைத்தாள். அதுவரை அவள் என்னிடம் தனியாகப் பேசியதே இல்லை.

"அக்கா, உங்க அத்தை என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அன்னிக்கு உன்னைப் படிக்க அனுப்பாம விடச் சொன்னது நான்தான்மா. அவங்க இல்ல" என்றேன்.

"தெரியும்க்கா. நான் கதவுகிட்டதான நின்னேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அதுக்குக் கேக்கல. அவங்க மனசுல நான் இருந்தேனான்னு தெரிஞ்சுக்கணும்."

விமானத்தில் அத்தை கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. அதைப் பொறுக்க முடியாமல்தான் நான் அவசரப்பட்டேன். "இப்பவும் தனியா பரீட்சை எழுதலாம்மா. செலவு முழுக்க கடை பாத்துக்கும். நீ படி" என்றேன்.

அவள் சிரித்தாள். குத்தல் இல்லாத, களைத்த சிரிப்பு. "நான் படிக்கப் போயிட்டா, இத்தனை புள்ளைங்க படிக்கிறதுக்குச் செருப்ப யாருக்கா தைக்கிறது?"

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள். இப்போது தீபாவளிச் சரக்குக்கான பட்டியலை எழுதி வைத்து ஒரு வாரமாகிறது. வழக்கத்தைவிட அதிகம் கேட்டால் அவள் தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போவார்கள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து தைக்க வேண்டியிருக்கும். இன்றுவரை அந்தப் பட்டியலை நான் அனுப்பவில்லை.