அம்மா வரைந்த கட்டடங்கள்

அடையாற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓர் இயற்கைக் கல்வி மையம் கட்டினார்கள். அதை வரைந்து கொடுத்தவர் என் அம்மா. எனக்கு அப்போது எட்டு வயது. அங்கேயே தோண்டிய மண்ணைக் கட்டிகளாக அழுத்திச் சுவர் எழுப்பினார்கள். ஏசி கிடையாது, கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இதற்கெல்லாம் தலையாட்டிய மையத்தின் கமிட்டிக்காரர்கள், கட்டடத்தை ஆளுயரத் தூண்களின் மேல் நிறுத்த வேண்டும் என்றதும் முகம் சுளித்தார்கள். கீழே இவ்வளவு இடம் வீணாகிறதாம்.

“அது ஆத்தோட எடம் சார். அது வர்றப்ப விட்டுடணும்,” என்றார் அம்மா.

அரைமனதாகச் சம்மதித்தார்கள். அப்பா அதற்குக் ‘கொக்கு வீடு’ என்று பெயர் வைத்தார்.

அடுத்த மழைக்கே ஆறு வந்தது. தூண்களுக்கு நடுவே புகுந்து, சுவரைத் தொடாமல் போயிற்று. கரையோரக் குடிசைக்காரர்கள் மேலே ஏறித் தங்கிக்கொண்டார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது ஒரு பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழ ஆறு போய்க்கினு கீது, மேல எங்க புள்ளைங்க தூங்குதுங்க. நல்லா இருப்பம்மா நீ.”

பாதியை நானே வரைந்தது போல நின்றிருந்தேன். முகம் சுளித்த கமிட்டிக்காரர் ஒருவர், வந்தவர்களுக்குத் தூண்களின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆழ்வார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியும் சாப்பிடாமல் டிவியில் வெள்ளத்தில் மூழ்கிய வேளச்சேரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் வேளச்சேரிக்குக் கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். ஒரு நாலு மாடி அடுக்ககத்தின் முன் நின்றோம். எனக்கு அதைத் தெரியும். ரயிலில் போகும்போதெல்லாம் அப்பா கைகாட்டுவார்: அம்மா வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் வரைந்தது.

தரைத்தள வீட்டில் ஓர் அம்மாள் சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். சுவரில் என் தலைக்கு மேலே தண்ணீர்க் கறை. வாசலில் ஊறிய மெத்தைகள்.

“யாரப் பாக்கணும்?”

அம்மா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளே பேசினார்.

“மாமனாரை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம். மூச்சு வாங்கிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்ல, போயிட்டாரு. ஏரிக்குள்ள கொண்டாந்து வீடு கட்டி வித்திருக்காங்க. இத எவன் வரைஞ்சானோ.”

“எங்கம்மாதான் வரைஞ்சாங்க,” என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தவில்லை. “ஆமாங்க. நான்தான்,” என்றார்.

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். இவரும் வந்து கையைப் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து மறுபடி சேற்றை வழிக்கத் தொடங்கினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருவரும் சேற்றை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள்.

அந்த அம்மாளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.