வெட்டுண்ட தலையின் கடைசிக் கடி

பக்கத்து அறையில் கண்ணாடி நொறுங்கியது. விஷக்காரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். ஆய்வுக்கூடத்தில் பாம்புகளிடம் விஷம் எடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

விரியனின் கண்ணாடிப் பெட்டி சுக்குநூறாகக் கிடந்தது. விரியன் மூலையில் சுருண்டு சீறியது. கோடாரியோடு கொழுந்தன் நின்றிருந்தான். போன வருஷம் இதே அறையில் இந்த விரியன் கடித்துத்தான் அவன் அண்ணன், அவளுடைய புருஷன், ரத்தம் கக்கிச் செத்தான்.

அவள் குறுக்கே நின்றாள். "தள்ளுங்க அண்ணி."

"வேண்டாம் தம்பி. ஒவ்வொரு பாம்பு விஷமும் ஒவ்வொரு மாதிரி. இதோட விஷத்துக்குத்தான் புற்றுநோய்க் கட்டி கரையுது. இன்னும் ஒரு தடவை எடுத்துட்டா கடைசிச் சோதனை முடிஞ்சிடும். உங்க அண்ணன் ஆரம்பிச்ச வேலை இது."

"நோயாளி உடம்புல விஷம் ஏத்துறது ஒரு வேலையா?"

"அப்படியே ஏத்தினா ஆள் காலிதான். நானோ துகள்னு கண்ணுக்கே தெரியாத உறைக்குள்ள அடைச்சு ஏத்துவாங்க. ரத்தத்துல அது வாயைத் திறக்காது. கட்டிகிட்ட போய்த்தான் திறக்கும்."

"புருஷனைத் தின்ன பாம்புக்குப் பால் வார்த்தீங்க. இப்ப வக்காலத்தும் வாங்குறீங்க."

கோடாரிக் காம்பு அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை அவளுக்கே கேட்டது. அவள் சரிந்தாள். அவன் விரியனை வெட்டினான். வெறி அடங்காமல், சுவரெல்லாம் ரத்தம் தெறிக்க வெட்டினான். தலை தனியே உருண்டது.

"இதை அண்ணன் சமாதியில வைக்கணும்." அவன் குனிந்து கை நீட்டினான்.

வெட்டுண்ட விரியன் தலை லேசில் சாகாது என்பது அவளுக்குத் தெரியும். கிடந்த இடத்திலிருந்தே அவன் முழங்காலை எட்டி உதைத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான். முறியாத கையால் இடுக்கியை எடுத்துத் தலையைத் தூக்கினாள். அதன் வாய் ஆவென்று பிளந்தது. மேஜை விளிம்பில், மெல்லிய ரப்பர் இழுத்துக்கட்டிய கண்ணாடிக் கிண்ணம் எப்போதும்போல் தயாராக இருந்தது. அந்த ரப்பரில் விரியனின் பற்களைப் பதித்தாள். தாடை இறுகியது. மஞ்சள் துளிகள் சொட்டின.

கொழுந்தன் தன் விரல்களையே வெறித்துப் பார்த்தான்.

"என்னையும் கடிச்சிருக்குமா?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே வாயால அனுப்பியிருக்கும்."

"சோதனைக்கு இது போதுமா அண்ணி?"

"போதும். என் தோளும் ஆறிடும். ஆனா இனிமே அண்ணின்னு கூப்பிடாதீங்க. கிளம்புங்க."

கோடாரியைத் தரையிலேயே விட்டுவிட்டு அவன் வெளியேறினான். இடுக்கியிலிருந்து கையை எடுக்கமுடியாத அவள், காலால் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.