விளக்கடிப் புல்

பல வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஐந்தே முக்கால் மணி. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை பக்கத்து மனையின் கம்பத்து விளக்கைச் சுற்றிய அந்துப்பூச்சிகள். நகத்தளவு இருக்கும், வைக்கோல் நிறம். புல்லில் கால் வைத்தால் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, சற்றுத் தள்ளி மறுபடி புல்லுக்குள் மறையும். சின்ன வயதில் அவற்றை எழுப்புவதற்காகவே அங்கே நடந்திருக்கிறேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை அது. சொந்தக்காரர் பிரான்சில் இருந்தார். எதிர்வீட்டு அக்கா அவரிடம் போனில் கேட்டு, வேலி போட்டு, அருகம்புல் வளர்த்தாள். தெருமுனைப் பிள்ளையாருக்குச் சதுர்த்தியன்று முதல் மாலை அவள் வீட்டு முறை. தான் வளர்த்த புல்லில்தான் கட்டுவாள். கடையில் வாங்கியதே இல்லை.

அந்த வருடம் ராத்திரியில் ஆடுகள் வேலியைத் தாண்டின. எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து விளக்குப் போட்டாள். விடியும்வரை எரியும்.

சதுர்த்தி நெருங்கும்போது புல் வெளுத்தது. தண்ணீர் போதவில்லை என்று குடம் குடமாக ஊற்றினாள். அம்மா போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தாள். அடியில் மெல்லிய நூலாம்படை, அதற்குள் பச்சைப் புழுக்கள்.

"மருந்து அடிச்சிடு," என்றாள் அம்மா.

"இன்னாக்கா பேசுற? சாமி கழுத்துல மருந்தப் போடச் சொல்றியா?" அம்மாவை அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்ப புழுவோட போடு. எலி மேல போறவருக்குப் புழு ஒண்ணும் பண்ணாது."

"உனுக்கு எல்லாம் கேலிதான்."

மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனபோது மேலிருந்து பார்த்தேன். வெளுப்பு விளக்கின் அடியில் வட்டமாக இருந்தது. வேலியோரம் இன்னும் பச்சை. பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து, கீழே புல்லிலேயே முட்டையிட்டிருந்தன. இறங்கிப் போய் அக்காவிடம் சொன்னேன்.

கம்பத்தடிக்கு நடந்தாள்.

"ஆட்டுக்குப் பயந்து வெளக்குப் போட்டேன். ஆடாயிருந்தா பாதியாவது உட்டு வச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

புழுக்கள் இருட்டிலும் மேய்ந்தன. சில நாளில் வேலியோரமும் வெளுத்தது.

மனையில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. சுற்றிலும் சிமெண்ட் தரை, வாசலில் வரிசையாக விளக்குகள். அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் என் நடை தானாக மெதுவாகும். எதுவும் எழும்புவதில்லை.

அந்த வருடச் சதுர்த்திக்குப் பிள்ளையார் கழுத்தில் விழுந்த முதல் மாலை நெல்லித்தோப்புக் கடையில் வாங்கியது.